மூடி

சோளக்காட்டுக்கும் நூற்பாலையின் பின்சுவருக்கும் நடுவில்
அன்னூர்ச் சாலையோரம் எங்கள் ஆய்வுக்கூடம்.
சென்ட்ரிஃப்யூஜின் நெற்றியில்
ஆயுதபூசைச் சந்தனம் இன்னும் உதிரவில்லை.
மேலே வைத்த எலுமிச்சை கல்லாகிவிட்டது;
எடுத்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்று நாற்பது.
உள்ளே எட்டுக் குழாய்கள்.
நாமக்கல் பண்ணையொன்றின் முட்டையோட்டிலிருந்து
மூன்று மாதமாய் நான் பிரித்து வளர்த்த
சால்மோனெல்லா.
வேகம் ஏறி நாலாயிரத்தைத் தொட்டபோது
டக்.
கொட்டாங்குச்சியில் நகம் பட்டதுபோல்
அவ்வளவுதான்.
பிறகு பெட்டி முழுவதும் நடுங்கியது.

நிறுத்திவிட்டேன்.
நின்றதும் என் கை மூடிக்குப் போனது.
யோசித்துப் போகவில்லை,
பால் பொங்கினால் அடுப்புக்குப் போகுமே, அப்படி.
மற்ற ஏழும் நன்றாக இருக்குமே!

சுவரில் பருத்திவிதைக் கம்பெனிக் காலண்டருக்குக் கீழே
ஒரு தாள் பாதி தெரிந்தது.
'உடைந்தால் முப்பது நிமிடம் திறக்காதே.'
நான் தட்டச்சு செய்து
நானே ஒட்டிய தாள்.
ஒட்டிய நாளுக்குப் பிறகு
இன்றுதான் படிக்கிறேன்.

"ஒன்னும் ஆகாதுங்க, தெறந்து பாருங்க"
என்றார் திருமூர்த்தி.
நாலு ஐம்பதுக்கு அவருக்குப் பேருந்து.
அவர் சொன்னதில் பொய்யில்லை;
எத்தனையோ தடவை ஒன்றும் ஆகியிருக்கவில்லை.
மாதிரிகள் வைக்கும் குளிர்ப்பெட்டியில்
மோர் பாட்டிலை ஒளித்து வைத்தவள் நான்.
குடித்தேன், தேர்வெழுதினேன், பாஸானேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.
தாழ்வாரத்தில் கௌசிகா, திருமூர்த்தி, நான்.
எதிர் ஆலையில் பஞ்சு பறப்பதை
சாய்ந்த வெயில் காட்டிக்கொடுக்கும்.
இந்தக் கதவுக்குப் பின்னால் மிதப்பதைக்
காட்டிக்கொடுக்க
எந்த வெயிலுக்கும் ஆகாது.
அது இறங்கட்டும்.
மெதுவாகத்தான் இறங்கும்.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் 'ங்க' உண்டு.
கடன்காரனுக்கும், சண்டைக்காரனுக்கும்,
கன்றுக்குட்டிக்கும்கூட 'வாங்க, போங்க'.
கண்ணுக்குத் தெரியாததற்கு மட்டும்
மரியாதை வைக்காமல் விட்டுவிட்டோம்.
கொஞ்சம் இருங்க, என்றேன் மனசுக்குள்.
நீங்க உட்காருங்க.
நாங்க வெளியே நிக்கிறோம்.

பன்னிரண்டாவது நிமிடத்தில்
கௌசிகா மூன்றாம் முறையாக மணி பார்த்தாள்.
பக்கத்து அறைப் பையன் டீயோடு வந்து
"என்னக்கா, பூட்டிட்டாங்களா?" என்றான்.
டீ வேண்டாம் என்றோம்.
இருபத்தைந்தாவது நிமிடத்தில்
சோளக்காட்டில் மயில் அகவியது.
அதற்கு எந்த விதியும் தெரியாது.

நாலு பன்னிரண்டு.
இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி.
ஒரு குழாய் நெடுக விரிந்திருந்தது.
ஒரு தேக்கரண்டிகூட இராது,
குழியைச் சுற்றிக் கலங்கலாய் ஒட்டியிருந்தது.
மருந்தூற்றி ஊறவைத்தோம்.
சில்லை இடுக்கியால் எடுத்தோம்.
மற்ற ஏழும் நன்றாகத்தான் இருந்தன,
ஏழையும் ஆட்டோகிளேவில் போட்டேன்.
ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் தோன்றும்வரை
அங்கேயே நின்றேன்.
மூன்று மாதம். அழுகை வரவில்லை, பசித்தது.
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்,
எலுமிச்சையையும் குப்பையில் போட்டேன்.

விபத்துப் பதிவேட்டில்
பதினோரு வருடமாக ஒரே சொல்:
'இல்லை', 'இல்லை', 'இல்லை'.
ஆறேழு கையெழுத்தில், நீல மையில்.
எத்தனை 'இல்லை'க்குப் பின்னால்
எத்தனை மூடிகள் அவசரமாய்த் திறந்தனவோ.
நாள், நேரம், குழாய் எண் எழுதினேன்.
பாதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

யாருக்கும் காய்ச்சல் இல்லை, அந்த வாரமும் அடுத்த வாரமும்.
நடக்காததற்கு யார் சாட்சி சொல்வது?

பேருந்தைத் தவறவிட்ட திருமூர்த்தி
மறுநாள் தரை துடைத்துக்கொண்டே கேட்டார்:
"நேத்தே தெறந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"தெரியாதுங்க" என்றேன்.

பதிவேட்டிலும் அதையே எழுதினேன்.